எழுவாயைத் தேடுங்கள்: ஆங்கில இலக்கணமும் நம் வரலாறும்

மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் இலக்கண நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "அண்ணா, ஆக்டிவ் வாய்ஸை பாசிவ் வாய்ஸா மாத்துறதால யாருக்கு என்ன லாபம்?" பரீட்சையில் மார்க் கிடைக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி உறைத்தது. யாருக்கு லாபம் என்பதுதானே கேட்க வேண்டிய கேள்வி?

பள்ளியில் இலக்கணத்தை மார்க்குக்கான கணக்காக நடத்துகிறார்கள். ஆனால் நம் மக்களின் நிலம், கூலி, உயிர், நீதி எல்லாவற்றையும் முடிவு செய்த ஆவணங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அந்த வாக்கியங்களில் எழுவாய் யார், வினை எது, நிபந்தனை என்ன என்பதைப் பொறுத்து ஒரு தலைமுறையின் வாழ்க்கை மாறியிருக்கிறது. நம் முன்னோர்களில் சிலர் அதைக் கூர்ந்து படித்தார்கள். அந்த வரலாற்றைத்தான் இங்கே பேசுகிறேன். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இது பயன்படும்.

முதல் பாடம்: வினையும் எழுவாயும்

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். 2013 ஏப்ரல் 25. மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கம் நடத்திய சித்திரை முழுநிலவு விழாவுக்குச் சென்ற வாகனங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடந்தன. அன்று இங்கே வன்முறை நடந்தது. கட்டையன் தெருவில் தலித் மக்களின் வீடுகள் தீக்கிரையாயின.

கவனித்தீர்களா? "தீக்கிரையாயின" என்று நானே எழுதிவிட்டேன். தீ தானாக வந்து தின்றுவிட்டுப் போனதுபோல இருக்கிறது. தமிழில் இதைச் சொல்ல மூன்று வழிகள் உண்டு. "வீடுகள் எரிந்தன" என்றால் செய்தவர் இருந்தாரா என்பதே தெரியாது. "வீடுகள் எரிக்கப்பட்டன" என்றால் யாரோ செய்தார்கள் என்று தெரியும், யார் என்று தெரியாது. "வீடுகளை எரித்தார்கள்" என்றால், யார் எரித்தது என்று அடுத்த கேள்வி வந்தே தீரும். முதல் வாக்கியம் விபத்து. இரண்டாவது புகார். மூன்றாவது குற்றச்சாட்டு.

அன்று முதல் இன்றுவரை இந்த நிகழ்வைக் குறிக்கப் பலரும் பயன்படுத்தும் சொல் "மோதல்". இது தொழிற்பெயர். வினையைப் பெயராக்கிவிட்டால் எழுவாய் தேவையில்லை. அதோடு மோதலுக்கு இரண்டு சமமான தரப்புகள் வேண்டும். வீடு இழந்தவரும் வீட்டைக் கொளுத்தியவரும் ஒரே சொல்லுக்குள் சமமாகிவிடுகிறார்கள்.

ஒரு நேர்மையும் நமக்கு வேண்டும். அன்று இரண்டு பேர் இறந்தார்கள். அந்த மரணங்கள் எப்படி நடந்தன என்பதில் கடும் சர்ச்சை எழுந்தது. செய்தவர் யார் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் செயப்பாட்டுவினை எழுதுவது தவறில்லை, அதுதான் நேர்மை. தெரிந்த பிறகும் அதிலேயே ஒளிந்துகொள்வதுதான் தவறு. இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும், எதிர்த்தரப்புக்கும் பொருந்தும்.

1843: விடுதலை என்று சொல்லாத விடுதலைச் சட்டம்

இனி சட்டங்களுக்கு வருவோம். பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை முறையை ஒழித்த சட்டம் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம். சென்னை மாகாணத்தில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட பண்ணை அடிமைகளில் மிகப் பெரும்பாலோர் நம் சாதிகளைச் சேர்ந்தவர்கள். எனவே அது நம் வரலாற்றின் முக்கியமான சட்டம்.

அதன் வாக்கியங்களைப் படித்தால் ஒன்று தெரியும். "அடிமைகள் இன்று முதல் சுதந்திர மனிதர்கள்" என்ற பொருளில் ஒரு வாக்கியம்கூட அதில் இல்லை. அதன் முக்கிய விதிகள் எதிர்மறை வாக்கியங்கள். அடிமை என்ற காரணத்தால் எந்த அரசு அதிகாரியும் ஒருவரை விற்கக் கூடாது. ஒரு மனிதர் மீதான உடைமை உரிமையை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தரக் கூடாது. இப்படிப் போகிறது. எழுவாய் அதிகாரியும் நீதிமன்றமும்தான். அடிமைப்பட்டவர் எழுவாய் ஆகவில்லை. ஆண்டைக்கு நேரடியான கட்டளையும் இல்லை. அரசு தன் கையைக் கழுவிக்கொண்டது. பண்ணையில் இருந்தவருக்கு நிலமோ கூலியோ வரவில்லை. அடிமையை வைத்திருப்பதே குற்றம் என்றாக, 1860-இல் இயற்றப்பட்டு 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எதிர்மறை வாக்கியத்தைப் பார்த்தால் இப்படிக் கேளுங்கள்: எதைத் தடுத்திருக்கிறார்கள் என்பது சரி, எதைக் கொடுத்திருக்கிறார்கள்?

1892: "கூடாது", "வேண்டும்", "லாம்"

மரக்காணத்துக்கு வடக்கே சற்றுத் தூரம் போனால் செங்கல்பட்டு மாவட்டம். அங்கே கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், 1891-இல் அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலமற்ற நிலைதான் அவர்களை அடிமையாகவே வைத்திருக்கிறது என்பதைப் பதிவு செய்த அறிக்கை அது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த வருவாய்த்துறை ஆணை எண் 1010-ஐத்தான் பஞ்சமி நிலத்தின் தொடக்கம் என்கிறோம். சென்னை மாகாணம் முழுவதும் இப்படித் தரப்பட்ட நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு.

அந்த நிலத்துக்கு நிபந்தனைகள் உண்டு. குறிப்பிட்ட ஆண்டுகள் வரை யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்ற வேண்டும். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்து, மீண்டும் நம் மக்களுக்கே வழங்கலாம்.

ஆங்கில இலக்கணத்தில் ஷால், மஸ்ட், மே என்று துணை வினைகள் படிக்கிறீர்கள் அல்லவா? அவற்றின் உயிர் இங்கேதான் இருக்கிறது. "கூடாது", "வேண்டும்" என்பவை கட்டளை. "லாம்" என்பது விருப்பம். விற்கக் கூடாது என்ற கட்டளையை ஏழையிடமிருந்து வாங்கியவர்கள் மீறினார்கள். மீட்கலாம் என்ற அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த அரசோ பெரும்பாலும் சும்மா இருந்தது. அந்த இடைவெளிக்குள் லட்சக்கணக்கான ஏக்கர் போயிற்று.

மீட்கக் கேட்டபோது என்ன நடந்தது? மாமல்லபுரம் அருகே காரணையில் நடந்த பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் மக்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். "துப்பாக்கிச் சூட்டில் இருவர் பலி" என்று எழுதலாம்தான். ஆனால் இங்கே எழுவாய் தெரியும். எனவே எழுதுகிறேன்: போலீஸ் சுட்டது.

பெயர்ச்சொல்லின் அரசியல்

இலக்கணப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் பெயர்ச்சொல். நம் இயக்கத்தின் முதல் அத்தியாயமும் அதுதான்.

செங்கல்பட்டுப் பகுதியின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். வசையாக வீசப்பட்ட சொல்லையே எடுத்து அதற்குப் "பறையன்" என்று பெயர் வைத்தார். அயோத்திதாசர் வேறு வழியில் போனார். பிறர் வைத்த பெயரை ஏற்காமல் பூர்வ தமிழர், பூர்வ பௌத்தர் என்ற அடையாளங்களைத் தேடினார். 1907-இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் "ஒரு பைசாத் தமிழன்". ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்த எம்.சி.ராஜா, 1922 ஜனவரியில் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களை நீக்கி ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று எழுத வேண்டும் என்பது அது. அதே ஆண்டு அரசு அதை ஏற்று ஆணையிட்டது.

ஒரே இழிவுக்கு மூன்று பேரும் மூன்று விடை தந்தார்கள். ஒருவர் சொல்லை எடுத்து நிமிர்த்தினார், ஒருவர் பழைய பெயரைத் தோண்டினார், ஒருவர் அரசின் பதிவேட்டையே மாற்றினார். மூவரும் ஒப்புக்கொண்டது ஒன்றுதான்: பெயர் வைக்கும் உரிமை பெயரைச் சுமப்பவருக்கே.

சீனிவாசன் யாருக்கு எழுதுகிறோம் என்பதையும் அறிந்தவர். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் அதிகாரம் முழுவதும் ஆதிக்கச் சாதியினர் கைக்கே போகும் என்று அவர் கருதினார். அதற்கு எதிராக 3,412 பேர் கையெழுத்திட்ட மனுவை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அந்த நிலைப்பாட்டை இன்று நாம் விவாதிக்கலாம். ஆனால் வாசகரைத் தேர்ந்தெடுத்த அறிவைப் பாருங்கள். உள்ளூரில் காது கொடுக்காதவர்களைத் தாண்டி, முடிவெடுப்பவரின் மொழியில், முடிவெடுப்பவருக்கே எழுதினார். வாசகர் யார், நோக்கம் என்ன என்று புத்தகத்தில் இரண்டு வரியில் கடந்துபோகும் பாடம் இதுதான்.

1924: "ஆட்சேபணை இல்லை"

அதே சீனிவாசன் 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பொதுச் சாலையில், தெருவில் நடக்க ஆட்சேபணை இல்லை. பொதுக் கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றுக்குப் போகவும் ஆட்சேபணை இல்லை. இதுவே அரசின் கொள்கை என்று அறிவிக்கச் செய்த தீர்மானம். அரசு ஆணையாகவும் வந்தது. நம் வரலாற்றின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று.

இருந்தாலும் வாக்கியத்தைப் படியுங்கள். "உரிமை உண்டு" என்று அது சொல்லவில்லை. "ஆட்சேபணை இல்லை" என்றது. மறுபடியும் எதிர்மறை. ஆட்சேபிப்பவர் ஒருவர் ஊரில் இருந்தால் அவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் விடை இல்லை. அந்தக் காலத்தில் எவ்வளவு வாங்க முடியுமோ அவ்வளவை சீனிவாசன் வாங்கினார். மிச்சத்தை அடுத்த தலைமுறைக்கு வேலையாக விட்டுப்போனார்.

1948 முதல் 2016 வரை: குற்றவாளி எழுவாய் ஆன கதை

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்புப் பிரிவை ஏற்றது. இன்று அது 17-ஆவது பிரிவு. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, எந்த வடிவத்திலும் அதைக் கடைப்பிடிப்பது தடை செய்யப்படுகிறது என்பது அதன் சாரம். இரண்டும் செயப்பாட்டுவினை. ஆனால் இங்கே செயப்பாட்டுவினை ஒளிந்துகொள்ளவில்லை. முகவுரையின்படி இந்தச் சட்டத்தைத் தந்துகொள்வது இந்திய மக்களாகிய நாம். எனவே ஒழிப்பவர் நாடு முழுவதும். செயலிழந்த இலக்கணம் என்று எதையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இது சாட்சி. அதோடு, தீண்டாமையால் ஓர் இயலாமையைத் திணிப்பது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்றும் பிரிவு தொடர்கிறது. அந்தத் தண்டனைச் சட்டம் 1955-இல் வந்தது. அதன் குற்றப் பிரிவுகள் "ஹூஎவர்" என்று தொடங்குகின்றன. "யார் ஒருவர் தடுக்கிறாரோ அவர்." தடுப்பவர் எழுவாய் ஆகிவிட்டார்.

1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஓர் அடி முன்னே வைத்தது. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத எவர் ஒருவர் இதைச் செய்கிறாரோ என்று 3-ஆவது பிரிவு தொடங்குகிறது. சாதி அடுக்கில் குற்றவாளி நிற்கும் இடத்தையும் வாக்கியமே சொல்லிவிட்டது.

இப்போது ஓர் இணைப்புச்சொல்லின் கதை. இந்தச் சட்டத்தின் 3(2)(v) பிரிவு, பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றத்தை நம் மக்கள் மீது செய்தால் ஆயுள் தண்டனை என்கிறது. பழைய வாக்கியத்தில் "ஆன் தி கிரவுண்ட் தட்" என்றொரு தொடர் இருந்தது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்ற காரணத்தால் குற்றம் செய்திருக்க வேண்டும் என்று பொருள். கொலையை நிரூபித்தாலும், பாலியல் வன்முறையை நிரூபித்தாலும், சாதிதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை என்று சொல்லி இந்தப் பிரிவிலிருந்து பலரும் தப்பினார்கள். குற்றவாளியின் மனசுக்குள் இருக்கும் காரணத்தை எந்தச் சாட்சி வந்து சொல்லும்?

2015-இன் திருத்தம், 2016 ஜனவரி 26 முதல், அந்தத் தொடரை எடுத்துவிட்டு "நோயிங் தட்" என்று வைத்தது. பட்டியல் சாதியினர் என்று தெரிந்தே செய்தால் போதும். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ நேரில் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ள வேண்டும் என்றும் சேர்த்தார்கள். ஒரே ஊரில் வாழ்கிறவர்களுக்குள் நடக்கும் குற்றத்துக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எண்ணிப் பாருங்கள். "காரணத்தால்", "என்று தெரிந்தே": இரண்டுக்கும் நடுவே இருந்த தூரம் எத்தனையோ குடும்பங்களின் நீதி.

அவமதிப்புப் பிரிவில் இன்னொரு நுணுக்கம். "பொது இடத்தில்" என்று சட்டம் சொல்லவில்லை. "பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்" என்கிறது. வீட்டு வாசலில் வைத்துச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினாலும், தெருவில் போகிறவர்கள் பார்க்க முடிந்தால் அது குற்றம் என்று 2008-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வாசல் தனியார் இடம்தான். ஆனால் பார்வை பொதுவானது.

4-ஆவது பிரிவு அரசு ஊழியரின் கடமை பற்றியது. கடமையை "வேண்டுமென்றே" புறக்கணிக்கும் அதிகாரியைத் தண்டிக்கலாம். அந்த ஒற்றை வினையடை பல அதிகாரிகளைக் காப்பாற்றிவிடுகிறது; மறந்துவிட்டேன், தெரியாது என்று சொன்னால் போதும். திருத்தச் சட்டம் கடமைகளை வரிசையாக எழுதியது. அவற்றில் ஒன்றை எல்லோரும் மனப்பாடம் செய்யுங்கள்: வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி முடித்ததும், கையெழுத்து வாங்கும் முன் அதைப் புகார்தாரருக்குப் படித்துக்காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத உப்பளத் தொழிலாளி ஒருவர் காவல் நிலையத்தில் கைநாட்டு வைக்கும் முன் "படிச்சுக் காட்டுங்க சார்" என்று கேட்டால், அவர் சலுகை கேட்கவில்லை. கூடப் போகிற நீங்கள் அதை வாங்கித் தர வேண்டும்.

ஊகித்தறிதல்: வெண்மணி சொல்லும் எச்சரிக்கை

வாசிப்புப் பயிற்சியில் இன்ஃபரன்ஸ் என்று ஒன்று உண்டு. நேரடியாகச் சொல்லாததைக் கிடைத்த தடயங்களிலிருந்து ஊகிப்பது. எதை வைத்து ஊகிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்துக் கொன்றார்கள். விசாரணை நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் அளவுக்கு வசதியுள்ள மிராசுதார்கள், வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. இதுவும் ஊகம்தான். ஆனால் தடயத்திலிருந்து வந்த ஊகம் இல்லை. பணக்காரர் எப்படி நடந்துகொள்வார் என்ற முன்முடிவிலிருந்து வந்தது. சரியான ஊகத்துக்கு "இதை எந்த வரி சொல்கிறது?" என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட ஓர் இடம் இருக்கும்.

உப்பும் உருவகமும்

கடைசியாக அணிகள். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உப்பு விற்ற உமணர்களைச் சங்கப் பாடல்கள் நிறையவே பேசுகின்றன. 1930-இல் உப்பு இன்னொரு வேடம் போட்டது. தண்டியில் காந்தியும் வேதாரண்யத்தில் ராஜாஜியும் உப்பு அள்ளினார்கள். ஒரு பிடி உப்பு நாட்டு விடுதலைக்குக் குறியீடு ஆனது. பாடப்புத்தகத்தில் "உப்பு எடுத்தார்" என்ற வினைக்கு எழுவாய் தலைவர்கள்தான். தினமும் வெயிலில் பாத்தியில் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் அந்த வாக்கியத்தில் இல்லை. ஒரு பொருள் குறியீடாக மாறும்போது, அதைச் செய்த கைகள் மறைந்துபோகலாம். அதே 1930 நவம்பரில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்து, விடுதலை என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்று கேட்டார்கள். எழுவாய் பற்றிய கேள்விதான் அதுவும்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்கிறோம். இங்கே உப்பு சோற்றுக்கு ஆகுபெயர். சோறு போட்டவருக்கு நன்றி சொல்லச் சொல்லும் பழமொழி. உப்பு விளைவித்தவரை நினைக்கச் சொல்ல நமக்கு ஒரு பழமொழி இல்லை.

அடுத்த வகுப்பில் அந்த மாணவியிடம் "உப்பு வாரப்படுகிறது" என்று எழுதிக் கொடுத்து, செய்வினையாக மாற்றச் சொன்னேன். செய்தவர் யார் என்று வாக்கியத்தில் இல்லையே என்று யோசித்தார். பிறகு எழுதினார்: "என் அம்மா உப்பு வாருகிறார்." மார்க் போடும் விடைத்தாளில் அந்த விடை இருக்காது. ஆனால் இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை.

தோழர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு செய்தி, ஓர் அரசாணை அல்லது ஒரு முதல் தகவல் அறிக்கையை எடுங்கள். செய்தவர் யார், எங்கே இருக்கிறார்? "வேண்டும்" எங்கே, "லாம்" எங்கே? பெயர் வைத்தது யார்? எந்த இணைப்புச்சொல்லில் நிபந்தனை ஒளிந்திருக்கிறது? ஊகத்துக்கு ஆதாரமான வரி எது? ஐந்து கேள்விக்கும் பென்சிலால் அடிக்கோடிட்டு வாருங்கள். ஆங்கிலத் தேர்வுக்கும் அது போதும். நாளைக்குக் காவல் நிலையத்திலும் தாலுகா அலுவலகத்திலும் அது உதவும்.

ஜெய் பீம்.